வால்ஹைம்ல நம்ம ஏரியா ஆளு: நிறம், மீசை, மடிச்சுக் கட்டின லுங்கி (மாடிங் இழை)

#1 வியாசை விங்கர்

வணக்கம் மக்களே. வால்ஹைம் (வைக்கிங் சர்வைவல் கேம்) ஆடுற எங்க சர்வர்ல எட்டுப் பேர். ஆறு பேர் ஸ்டீம், ரெண்டு பேர் எக்ஸ்பாக்ஸ்ல இருந்து க்ராஸ்ப்ளேல வர்றாங்க. மாட் (கேமை மாத்துற துணை ஃபைல்) எதுவும் போடாத டெடிகேட்டட் சர்வர். வேணும்னு கேக்கிறது நாலு விஷயம்:

தோல் நிற ஸ்லைடரை இருட்டுப் பக்கம் கடைசி வரைக்கும் தள்ளினாலும் நம்ம ஊர் நிறம் வரல. தாடி இல்லாம மீசை மட்டும் வேணும். முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டின கட்டம் போட்ட லுங்கி. அப்புறம் டீம் ஜெர்சி (வியாசர்பாடின்னா ஃபுட்பால் இல்லாமலா).

எக்ஸ்பாக்ஸ்காரங்க கண்ணுலயும் முடிஞ்ச வரைக்கும் தெரியணும். ப்ளெண்டர் (முப்பரிமாண மாடல் செய்ற ப்ரோக்ராம்) ஓரளவு வரும், யூனிட்டி (இந்த கேம் ஓடுற எஞ்சின்) புதுசு.

#2 பெரம்பூர் பாலிகன்

மாட் தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவாயிடணும். இந்த கேம்ல உங்க உருவத்தைப் பத்தி மத்தவங்க மெஷினுக்குப் போற தகவல் ரொம்பக் கொஞ்சம். மாடல் எண் (0 ஆண், 1 பெண்), தோல் நிறத்துக்கு மூணு எண், முடி நிறத்துக்கு மூணு எண், முடி, தாடி, தலை, மார்பு, கால், தோள்ல மாட்டியிருக்கிற ஐட்டங்களோட பெயர்க்குறி, கையில இருக்கிறது. அவ்வளவுதான். படமோ மெஷ்ஷோ (உருவத்தோட முப்பரிமாண வலை) நெட்வொர்க்ல போகவே போகாது. பெயர்க்குறி போய்ச் சேரும். அங்க இருக்கிற மெஷின் தன்கிட்ட இருக்கிற ஃபைலை எடுத்து மாட்டிக்கும்.

இதை வச்சு உங்க லிஸ்ட்டைப் பாருங்க. நிறம் வெறும் எண். அதை மாத்தினா எக்ஸ்பாக்ஸ் உட்பட எல்லாருக்கும் தெரியும். மீசைக்குப் புதுப் பெயர்ல ஒரு தாடி ஐட்டம் சேர்த்தீங்கன்னா, மாட் இல்லாதவன் மெஷின்ல அந்தப் பெயர் கிடையாது. லாக்ல "மிஸ்ஸிங் அட்டாச் ஐட்டம்"னு ஒரு வரி விழும், ஆள் மழமழன்னு ஷேவ் பண்ணின மூஞ்சியோட நிப்பார். அதுவே கேம்ல ஏற்கெனவே இருக்கிற ஒரு தாடியோட மெஷ்ஷை உங்க பக்கம் மட்டும் மீசையா மாத்தினா, மாட் உள்ளவங்களுக்கு மீசை, இல்லாதவங்களுக்குப் பழைய தாடி. ரெண்டுமே பார்க்க ஒழுங்கா இருக்கும்.

லுங்கிக்கும் அதே கதைதான். புதுசா "லுங்கி"ன்னு ஒரு கால் கவசம் உருவாக்கினா, யோட்டுன் லைப்ரரி (மாட் எழுதறவங்களுக்கான கோடு தொகுப்பு) வழியா செய்யும்போது பெரும்பாலும் "எல்லாரிடமும் இந்த மாட் இருக்கணும்"னு கட்டாயம் வைப்பாங்க, உங்க எக்ஸ்பாக்ஸ் ஆளுங்க வாசல்லயே நின்னுடுவாங்க. அதைத் தளர்த்தினாலும் இன்னொரு ஆபத்து: மாட் லோட் ஆகாத ஒரு நாள் உள்ளே போனீங்கன்னா இன்வென்டரில இருந்து அந்த ஐட்டம் காணாமப் போகும், சேவ் ஆனதும் திரும்ப வராது.

அதனால உங்க கேஸுக்குப் புதுப் பெயரே வேண்டாம்ங்கிறது என் கருத்து. இருக்கிற ஐட்டம் மேல உங்க உருவத்தைப் போர்த்துங்க.

#3 கொடுங்கையூர் கோடர்

பாலிகன் அக்கா சொன்னதுதான் சரியான வழி. நான் நிறத்தை எடுத்துக்கறேன்.

முதல்ல பேக்கப். விண்டோஸ்ல ஆப்டேட்டா, லோக்கல்லோ, அயர்ன்கேட், வால்ஹைம், அதுக்குள்ள கேரக்டர்ஸ் லோக்கல் ஃபோல்டர். உங்க ஆள் ஒரு எஃப்சிஎச் ஃபைல், பக்கத்துலயே ஓல்டுன்னு முடியற ஒரு காப்பியும் இருக்கும். ரெண்டையும் வேற டிரைவுக்குத் தூக்குங்க. கேரக்டர் ஸ்டீம் கிளவுட்ல இருந்தா அந்த ஃபோல்டர்ல தெரியாது. கேம் மெனுல மேனேஜ் சேவ்ஸ் போய் லோக்கலுக்கு மாத்திட்டு எடுங்க.

அடுத்தது ஆர்2மாட்மேன் (மாட்களை நிர்வகிக்கிற ப்ரோக்ராம்). அதுல "தோற்றம்"னு தனி ப்ரொஃபைல். அதுக்குள்ள வால்ஹைமுக்கான பெப்இன்எக்ஸ் பேக் (மாட்களை லோட் பண்றது), கூடவே யூனிட்டி எக்ஸ்ப்ளோரர் (ஓடுற கேமுக்குள்ள பார்த்து மாத்துறது). கேம் ஃபோல்டர்ல நேரா கொட்டாதீங்க. ப்ரொஃபைல்ல வச்சா வெறும் கேமை எப்ப வேணா தொடலாம்.

ஸ்லைடர் செய்றது என்னன்னா, ரெண்டு நிலையான நிறங்களுக்கு நடுவுல ஒரு புள்ளி எடுத்து மூணு எண்ணா எழுதுது. இருட்டு முனை எங்கன்னு டெவலப்பர் முடிவு பண்ணினது. ஆனா கேரக்டர் ஃபைல்ல சேவ் ஆகுறது ஸ்லைடர் நிலை இல்ல, அந்த மூணு எண். அதுக்கு எல்லை கிடையாது. உலகத்துக்குள்ள போனதும் எஃப்7 அழுத்தி யூனிட்டி எக்ஸ்ப்ளோரரைத் திறங்க, சி ஷார்ப் கன்சோல்ல லோக்கல் ப்ளேயர் மேல செட் ஸ்கின் கலர் ஃபங்ஷனை புது வெக்டர்3 மதிப்போட கூப்பிடுங்க. சிவப்பு, பச்சை, நீலம் வரிசை, 0ல இருந்து 1 வரைக்கும். தசம எண்ணுக்குப் பின்னாடி எஃப் எழுத்தை விட்டா எரர் வரும். எழுத்துக்கு எழுத்து எப்படி அடிக்கணும்னு படம் இணைச்சிருக்கேன்.

ஒழுங்கா லாகவுட் பண்ணி வெளிய வாங்க, சேவ் ஆயிடும். அதுக்கப்புறம் யூனிட்டி எக்ஸ்ப்ளோரரைத் தூக்கிடலாம். நிறம் ஃபைல்ல இருக்கு, மாட்ல இல்ல. எஃப்சிஎச் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து நோண்டுற ஐடியாவை மட்டும் விட்டுடுங்க.

ஒரு எச்சரிக்கை: ஹில்டிர்ங்கிற வியாபாரிகிட்ட வாங்குற பார்பர் ஸ்டேஷன்ல முடி, தாடி மாத்தும்போது முடி நிற எண்ணும் திரும்ப எழுதப்படும். முடிக்கும் இதே மாதிரி நிறம் போட்டிருந்தா அது போயிடும், மறுபடி போடணும்.

#4 காசிமேடு கட்டுமரம்

தலீவரே, எண்ணு இன்னா போடணும்னு சொல்லவே இல்லியே. நான் மூணுலயும் 0.2 போட்டேன், நெழலுக்குப் போனா மூக்கு எங்க கீது, கண்ணு எங்க கீதுன்னே தெரில. வெயில்ல நின்னா சாம்பல் பூசுன மாறி கீது.

#5 கொடுங்கையூர் கோடர்

மூணும் ஒண்ணா போட்டா அது சாம்பல்தான் ப்ரோ, தோல் இல்ல. சிவப்பு எப்பவும் கூட இருக்கணும், நீலம் குறைச்சல். 0.45, 0.30, 0.22ல ஆரம்பிங்க. மாநிறத்துக்கு 0.60, 0.43, 0.32 பக்கம் வாங்க. நல்ல கறுப்புக்கு 0.32, 0.21, 0.16. அதுக்குக் கீழ போனா தோல் டெக்ஸ்சர்ல (மெஷ் மேல போர்த்துற படம்) வரைஞ்சிருக்கிற நிழல் எல்லாம் அமுங்கிடும், முக அமைப்பே தட்டையாயிடும்.

ஒரே வெளிச்சத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஸ்டீம் லாஞ்ச் ஆப்ஷன்ல கன்சோலை இயக்கிட்டு, தனி டெஸ்ட் உலகத்துல எஃப்5, அப்புறம் டெவ்கமாண்ட்ஸ். டிஓடி (நேரம்) கமாண்டோட 0.5 குடுத்தா நடுப்பகல், 0 குடுத்தா நடுராத்திரி, மைனஸ் 1 குடுத்தா பழையபடி. என்வ் (வானிலை) கமாண்ட்ல கிளியர், ஸ்வாம்ப்ரெயின், மிஸ்டி மூணையும் மாத்திப் பாருங்க, ரீசெட்என்வ் போட்டு முடிச்சுக்கோங்க. தீ மூட்டி அது பக்கத்துலயும் நில்லுங்க. நடுப்பகல்ல அழகா இருக்கிற எண் சதுப்பு நிலத்துல பச்சையா தெரியும். பச்சை எண்ணை 0.02 குறைச்சா சரியாகும்.

#6 தண்டையார்பேட்டை டெக்ஸ்சர்

நிறத்தை எண்ல மட்டும் மாத்தினா உள்ளங்கை, உள்ளங்கால், உதடு எல்லாமே ஒரே இருட்டுக்குப் போயிடுது. நம்ம ஆளுங்களுக்கு உள்ளங்கை வெளிர்தானே. கோடாலி பிடிச்ச கையை க்ளோஸ்-அப்ல பார்த்தா கையுறை மாட்டின மாதிரி இருக்கு. அதை டெக்ஸ்சர்ல சரி பண்ணலாம்.

கணக்கு இது: திரையில தெரியற நிறம் = டெக்ஸ்சர் × தோல் நிற எண். இதை மறந்துட்டு டெக்ஸ்சர்லயே கறுப்பா வரையறவங்கதான் அதிகம். 0.4 டெக்ஸ்சர், 0.4 எண், பெருக்கினா 0.16. அப்புறம் "ஷேடர் பக்"னு போஸ்ட் போடுவாங்க (ஷேடர்னா மேற்பரப்பு திரையில எப்படித் தெரியணும்னு கணக்கு போடுற ப்ரோக்ராம்). டெக்ஸ்சர் வெளிராவே இருக்கணும், இருட்டை எண் பார்த்துக்கும்.

உள்ளங்கைக்கு என் முறை: உடம்பு முழுக்க 70 சதவீத வெளிச்சத்துக்கு இறக்கிட்டு, உள்ளங்கையை 95ல விடுறது. இறக்கின அளவுக்கு எண்ணை ஏத்திக்கணும். 0.45ஐ 0.7 ஆல வகுத்தா 0.64. மத்ததும் அப்படியே.

#7 பெரம்பூர் பாலிகன்

இது தனியா ஆடுறவங்களுக்கு நல்ல முறை. விங்கர் கேஸ்ல மாட்டிக்கும். எண்ணை 0.64க்கு ஏத்திட்டீங்கன்னா அந்த எண்தான் எல்லாருக்கும் போகும். எக்ஸ்பாக்ஸ் மெஷின்ல உங்க 70 சதவீத டெக்ஸ்சர் கிடையாது, அங்க 0.64 ஒரிஜினல் டெக்ஸ்சரோட பெருகும். உங்க திரையில கறுப்பு, அவங்க திரையில சிவப்பா ஒரு ஆள்.

எண்ணை 0.45லயே வைங்க. ஒரிஜினல் டெக்ஸ்சரும் முழு வெள்ளை கிடையாது, மேல ஏத்த கொஞ்சம் இடம் இருக்கு. உடம்பைத் தொடாம உள்ளங்கை, உள்ளங்கால், கீழுதட்டை மட்டும் ஏத்துங்க. 70க்கு 95 அளவு வித்தியாசம் வராது, ஆனா கையுறை மாதிரி தெரியாது.

#8 தண்டையார்பேட்டை டெக்ஸ்சர்

ஒத்துக்கறேன், க்ராஸ்ப்ளேன்னா அதுதான் வழி.

டெக்ஸ்சர் மாத்த கஸ்டம் டெக்ஸ்சர்ஸ் மாட் போதும், கோடு எழுத வேண்டாம். முதல்ல கேம்ல இருந்து ஒரிஜினலை எடுத்து அதே அளவுல, அதே யூவில (மெஷ்ஷைத் தட்டையா விரிச்ச வரைபடம்) வரைங்க. பெரிசா வரைஞ்சா நல்லாயிருக்கும்னு 2048ல வரையாதீங்க. இந்த கேமோட அழகே சின்ன டெக்ஸ்சர், கரடுமுரடான புள்ளிகள், அதுமேல நவீன வெளிச்சம். வழவழன்னு ஒரு முகம் வச்சா அந்த ஆள் மட்டும் வேற கேம்ல இருந்து வந்த மாதிரி தெரிவான். தூரிகையை ஒரு பிக்சலுக்கு வச்சு, ஆன்ட்டி-அலியாசிங்கை (ஓரத்தை மழுப்புறது) அணைச்சு வரைங்க.

ஜெர்சியும் இதே வேலைதான். மார்புக் கவசத்துல பாதி வெறும் ஓவியம், உடம்பு மெட்டீரியல்லயே (ஷேடரும் அதுக்கான டெக்ஸ்சர், நிறமும் சேர்ந்த அமைப்பு) செஸ்ட் டெக்ஸ்சர்னு ஒரு இடம் இருக்கு, அது தோல் மேல போர்த்தப்படுது. மெஷ் எதுவும் ஒட்டாத எளிய மேல்சட்டை ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அதோட டெக்ஸ்சரை ஜெர்சியா மாத்துங்க. அரைக்கை வேணும்னா முழங்கைக்குக் கீழ ஆல்பா (ஒளிபுகாமை அளவு) பூஜ்யம். ஆல்பா இல்லாம சேமிச்சா துணி கழுத்து, கைன்னு எல்லாத்தையும் மூடிடும். பிஎன்ஜியாத்தான் சேமிக்கணும்.

முதுகு நம்பர் தலைகீழாவோ கண்ணாடிப் பிம்பமாவோ வந்தா பெயின்ட் ப்ரோக்ராமைக் குறை சொல்லாதீங்க. யூவில முதுகுப் பகுதி எந்தத் திசையில விரிச்சிருக்குன்னு முதல்ல 1, 2, 3னு எழுதின ஒரு சோதனைப் படத்தைப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் வரைங்க.

#9 எண்ணூர் எலும்பு

மீசை, லுங்கி ரெண்டும் என் டிபார்ட்மென்ட்.

மீசை சுலபம். முடியும் தாடியும் தலையில ஹெல்மெட் மாட்டுற அதே இணைப்புப் புள்ளியில ஒட்டுது. அசெட்ரிப்பர்ல (கேம் ஃபைல்களைப் பிரிச்சு எடுக்கிற டூல்) ஒரிஜினல் தாடி ஒண்ணை எடுத்து ப்ளெண்டர்ல வைங்க, அதோட ஆரிஜினை (மெஷ்ஷோட ஆதாரப் புள்ளி) நகர்த்தாம, அது மேலயே மீசையை வரைங்க. ஆரிஜின் நகர்ந்தா மீசை நெத்தியிலயோ தொண்டையிலயோ முளைக்கும். ப்ரிஃபேப்ல (ஐட்டத்தோட மூல வார்ப்பு) குழந்தை ஆப்ஜெக்ட் பெயர் அட்டாச்னு இருக்கா, அட்டாச் ஸ்கின்னு இருக்கான்னு பாருங்க. முதலாவது வெறும் மெஷ், ரெண்டாவது எலும்போட ஆடுற மெஷ். வெறும் அட்டாச் இருக்கிற தாடியையே எடுங்க, தலைவலி இல்ல.

200 முக்கோணம் போதும். முடிக் கீற்றுகளை அட்டையா அடுக்கினா ஒரு பக்கம்தான் தெரியும், பின்பக்கம் திருப்பின காப்பி ஒண்ணு வைக்கணும். ஓரங்களுக்கு கட்அவுட் வைங்க, பாதி ஒளிபுகும் ட்ரான்ஸ்பரன்ட் வேண்டாம். வச்சா தண்ணிக்கும் பனிமூட்டத்துக்கும் முன்னாடி மீசை வெட்டி வெட்டித் தெரியும்.

முடிச் சாயம்: கேம் முடி நிறத்தை மெட்டீரியல்ல ஸ்கின் கலர்ங்கிற பெயர்லயே எழுதுது. (முடிக்கு எதுக்கு ஸ்கின் கலர்னு யோசிக்காதீங்க, அது அவங்க வச்ச பெயர்.) உங்க ஷேடர்ல அந்தப் பெயர்ல ஒரு நிறம் இல்லேன்னா மீசை டெக்ஸ்சர் நிறத்துலயே நிக்கும், நரைச்ச தலைக்குக் கறுப்பு மீசை.

ஹெல்மெட் போட்டா மீசை மறையுதுன்னு வந்து கேக்காதீங்க. முடி, தாடியை மறைக்கணுமா வேண்டாமாங்கிறது ஹெல்மெட் ஐட்டத்துல இருக்கிற அமைப்பு, தாடியில இல்ல.

#10 வியாசை விங்கர்

மெஷ்ஷை மாத்துற கோடு எங்க எழுதணும்?

#11 கொடுங்கையூர் கோடர்

சின்ன பெப்இன்எக்ஸ் ப்ளகின். ஹார்மனில (கேம் கோடோட நம்ம கோடைக் கோர்க்கிற லைப்ரரி) ஆப்ஜெக்ட்டிபியோட (கேமோட ஐட்டம் பட்டியல்) அவேக் ஃபங்ஷனுக்குப் பின்னாடி ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் (அது முடிஞ்சதும் ஓடுற கோடு): தாடி ப்ரிஃபேப்பைப் பெயரால எடு, அட்டாச் குழந்தையோட மெஷ் ஃபில்டர்ல ஷேர்ட் மெஷ்ஷை மாத்து. காப்பி அதர் டிபிங்கிற ஃபங்ஷனுக்கும் அதே போஸ்ட்ஃபிக்ஸ் போடுங்க. ரெண்டுல ஒண்ணை விட்டா கேரக்டர் தேர்வு மெனுல தாடி, உலகத்துக்குள்ள மீசைன்னு மாறி மாறி வரும்.

அசெட் பண்டிலை (உங்க மெஷ், டெக்ஸ்சரைச் சேர்த்துக் கட்டின யூனிட்டி ஃபைல்) எந்த யூனிட்டி பதிப்புல கட்டணும்னா, கேம் எதுல ஓடுதோ அதுலயே. கேம் ஃபோல்டர்ல யூனிட்டிப்ளேயர் டிஎல்எல்லை ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் பாருங்க, பதிப்பு எண் இருக்கும். யூனிட்டி ஹப்ல அதையே இறக்குங்க. அதைவிடப் புதுசுல கட்டினா பண்டில் பெரும்பாலும் திறக்காது.

#12 எண்ணூர் எலும்பு

இப்ப லுங்கி. இங்கதான் நேரம் போகும்.

ட்ரோல் லெதர் பேண்ட் மாதிரி ஒரு கால் கவசத்தை எடுத்துக்கறோம்னு வைங்க. அதுல ரெண்டு பகுதி. ஒண்ணு, உடம்பு மெட்டீரியல்ல லெக்ஸ் டெக்ஸ்சர். அதை முழுசா ஆல்பா பூஜ்யமாக்குங்க, இல்லேன்னா லுங்கிக்கு அடியில பேண்ட் தெரியும். ரெண்டு, அட்டாச் ஸ்கின்ங்கிற குழந்தை. அதுல இருக்கிறதை எடுத்துட்டு உங்க லுங்கி.

மெஷ்: இடுப்புல இருந்து தொடை நடு வரைக்கும் 8 வளையம், சுத்தி 24 நெடுவரிசை. ஏறக்குறைய 384 முக்கோணம், உட்பக்கத்துக்குத் திருப்பின காப்பி சேர்த்தா 768. மடிச்சுக் கட்டின முடிச்சும் முன்னாடி தொங்குற ரெட்டை மடிப்பும் இன்னொரு நூறு. தோலுக்கும் துணிக்கும் 1.5ல இருந்து 2 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க, ஒட்டி வரைஞ்சா தொடை வெளிய எட்டிப் பார்க்கும்.

வெயிட் பெயின்டிங் (எந்த எலும்பு துணியை எத்தனை சதவீதம் இழுக்கணும்னு குறிக்கிறது): உடம்புல இருந்து டேட்டா ட்ரான்ஸ்ஃபர் போட்டா நடுக்கோட்டுல இடது தொடை, வலது தொடைன்னு வெட்டுன மாதிரி பிரியும். ஓடும்போது முன்பக்கம் கிழிஞ்ச மாதிரி உள்ள இழுக்கும். கையால இப்படி மாத்துங்க: இடுப்பு வளையம் முழுக்க ஹிப்ஸ் எலும்பு 100. நடுவுல ஹிப்ஸ் 30, மீதி அந்தந்தப் பக்கத் தொடை. கீழ் ஓரத்துல பக்கவாட்டு புள்ளிகளுக்கு அந்தத் தொடை 85, ஹிப்ஸ் 15. நடுக்கோட்டுக்கு ரெண்டு தொடையும் 45, 45, ஹிப்ஸ் 10. அப்புறம் ஸ்மூத், லிமிட் டோட்டல் 4, நார்மலைஸ் ஆல்.

கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்ட லுங்கியோ வேட்டியோ வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். முட்டிக்குக் கீழ போனா கீழ்க்கால் எலும்பும் கணக்குல வருது. பெஞ்ச்ல உட்கார்ந்தா முட்டி துணியைக் குத்திட்டு வெளிய வரும், அதை க்ளாத் சிமுலேஷன் இல்லாம தடுக்க முடியாது. காசிமேட்டுல போட்ல ஏறுற ஆள் எப்படி மடிச்சுக் கட்டியிருக்காரோ அந்த உயரம்தான் கேமுக்கும் சௌகரியம். சோதிக்க நீல் எமோட் (மண்டியிடுற சைகை) போடுங்க, அதுல தப்பிச்சா எல்லாத்துலயும் தப்பிக்கும். குனிஞ்சு நடக்கிறது, நீச்சல், உருண்டு தப்பிக்கிறது மூணையும் பாருங்க.

#13 காசிமேடு கட்டுமரம்

கரீட்டு, வலை இழுக்கிறப்போ எவனும் இறக்கி வுட மாட்டான். அத்த வுடு தலீவா, எனுக்கு லுங்கி எட்டுக்கால் பூச்சி மாறி விரிஞ்சு கையோட போவுது. கால தூக்குனா லுங்கி தோள்ல இருந்து இழுக்குது. வெயிட்டு எல்லாம் நீ சொன்ன மாறிதான் கீது.

#14 எண்ணூர் எலும்பு

எலும்பு வரிசை கலைஞ்சிருக்கு. அட்டாச் ஸ்கின் மாட்டும்போது கேம் உங்க எலும்புகளைத் தூக்கிப் போட்டுட்டு, உடம்பு மெஷ்ஷோட எலும்புப் பட்டியலை அப்படியே வைக்குது. பெயரைப் பார்க்காது, வரிசை எண்ணை மட்டும் பார்க்கும். உங்க ஃபைல்ல 3ஆவது எலும்பு இடது தொடையா இருந்து, அங்க 3ஆவது தோளா இருந்தா, லுங்கி தோளோட போகும்.

வரிசை கலையறதுக்கு ரெண்டு காரணம் அடிக்கடி வரும். ப்ளெண்டர் எஃப்பிஎக்ஸ் ஏற்றுமதியில ஆட் லீஃப் போன்ஸ் டிக் இருக்கும், அது ஒவ்வொரு கிளை நுனியிலயும் ஒரு வெத்து எலும்பைச் சேர்க்கும். அதை எடுங்க. ரெண்டாவது யூனிட்டி பக்கம்: ரிக் டேப்ல ஸ்ட்ரிப் போன்ஸ் இயங்கிட்டிருந்தா, வெயிட் இல்லாத எலும்புகளைப் பட்டியல்ல இருந்து நீக்கிடும். லுங்கிக்கு மூணு எலும்புதான் வெயிட், மீதி எல்லாம் போயிடும், எண்கள் மேல ஏறிடும். அதை அணைங்க.

ரெண்டும் செஞ்சும் கலைஞ்சா, யூனிட்டில ஒரு எடிட்டர் ஸ்க்ரிப்ட்: உடம்போட எலும்புப் பெயர்ப் பட்டியலை எடு, லுங்கியோட ஒவ்வொரு வெயிட் எண்ணையும் பெயர் பார்த்து மாத்தி எழுது, பைண்ட் போஸ்களை (ஒவ்வொரு எலும்போட தொடக்க நிலை) உடம்பு மெஷ்ல இருந்து காப்பி பண்ணு. லுங்கி நூறு மடங்கு பெரிசாவோ கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாவோ வந்தா அதுவும் பைண்ட் போஸ் பிரச்சினைதான். ப்ளெண்டரோட அளவு யூனிட்டி அளவோட இடிக்குது.

கேமராவைத் திருப்பும்போது சில கோணத்துல மட்டும் லுங்கி மறைஞ்சா பயப்படாதீங்க. ஸ்கின்டு மெஷ் ரெண்டரரோட பவுண்ட்ஸ் (கேமரா பார்வைக்குள்ள இருக்கான்னு பார்க்கிற பெட்டி) சின்னதா இருக்கு, உடம்போட அளவுக்குப் பெரிசாக்குங்க.

#15 தண்டையார்பேட்டை டெக்ஸ்சர்

கட்டம் பத்தி ஒரு வார்த்தை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகள்ல விரிச்சுக் காட்டுற லுங்கியை நேர் மேல இருந்து போட்டோ எடுத்தா நல்ல மாதிரி கிடைக்கும், ஆனா அந்தப் போட்டோவை அப்படியே டெக்ஸ்சரா போடாதீங்க. 64 பிக்சல்ல ஒரு முழுக் கட்டம் திரும்பத் திரும்ப வர்ற மாதிரி கையால வரைங்க. மெல்லிய கோடு ஒரு பிக்சலுக்குக் குறையக் கூடாது. 64ஐ மீதியில்லாம வகுக்கிற அளவா கட்டம் வைங்க (8, 16), இல்லேன்னா பக்கத்துத் தையல்ல கோடு உடையும். ஃபில்டர் பாயின்ட் (பிக்சலை மழுப்பாத முறை), மிப்மேப் (தூரத்துல காட்டுற சின்னக் காப்பிகள்) கண்டிப்பா இயங்கணும். மிப்மேப் இல்லேன்னா பத்தடி தள்ளி நின்னாலே கட்டம் கொதிக்கிற மாதிரி மினுக்கும்.

#16 வியாசை விங்கர்

லுங்கி கால்ல உட்கார்ந்திடுச்சு, நன்றி எலும்பு. ஆனா முழுக்க ரோஸ் கலர்.

#17 பெரம்பூர் பாலிகன்

ரோஸ்னா ஷேடர் கிடைக்கல. ப்ளேயருக்கு கேமோட சொந்த ஷேடர் இருக்கு, அதை உங்க பண்டில்ல கட்ட முடியாது. அசெட்ரிப்பர் எடுத்துத் தர்றது அதே பெயர்ல ஒரு பொம்மை ஷேடர். அதோட கட்டினா ரோஸாவும் வரலாம், ஈரம், நனைவு எதுவும் ஒட்டாத தட்டை நிறமாவும் வரலாம். ப்ளகின் லோட் ஆனதும் ஒரிஜினல் பேண்ட் மெட்டீரியல்ல இருக்கிற ஷேடரை எடுத்து லுங்கி மெட்டீரியலுக்கு ஒதுக்குங்க, ஒரு வரி. யோட்டுன் பயன்படுத்தினா ஜேவிஎல்மாக் முன்னொட்டு வச்சு அதே வேலையை அதுவே செய்யும்.

அசெட்ரிப்பர்ல எடுத்த கேம் ஃபைல் எதையும் உங்க பண்டிலோட சேர்த்து வெளிய விடாதீங்க, நீங்க வரைஞ்சது மட்டும் போகணும். மாட்களுக்குக் காசு வாங்குறதை அயர்ன் கேட் (கேம் செஞ்ச நிறுவனம்) விரும்பலைன்னு வெளிப்படையா சொல்லியிருக்காங்க, அதையும் மனசுல வைங்க.

#18 புதுவண்ணை விஆர்எம்

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? வீராய்டு ஸ்டுடியோ (அனிமே ஆள் செய்ற ப்ரோக்ராம்) இலவசம், அதுல ஆளைச் செஞ்சு வால்ஹைம்விஆர்எம் மாட்ல போட்டா முடிஞ்சுது. கேரக்டர் பெயர்லயே விஆர்எம் (முப்பரிமாண ஆள்) ஃபைல், கூட அதே பெயர்ல ஒரு செட்டிங்ஸ் டெக்ஸ்ட் ஃபைல்.

#19 எண்ணூர் எலும்பு

ப்ளெண்டரே தெரியாதவங்களுக்கு நல்ல வழி, மறுக்கல. ஆனா ஆளையே முழுசா மாத்திடுது, நீங்க போடுற கவசம் எதுவும் தெரியாது. லுங்கி வேணும்னா அந்த மாடல்லயே தைக்கணும். எதை மாட்டியிருக்கான்னு பார்த்து ஆளை எடை போடுற கேம்ல எனக்கு அது உறுத்தும். அனிமே முகம் இந்த வெளிச்சத்துல ஒட்டவும் ஒட்டாது.

செய்றவங்களுக்கு: ஏற்றுமதியில விஆர்எம் 0.0 தேர்ந்தெடுங்க, பாலிகனைக் குறைங்க (முடியிலதான் கொட்டிக் கிடக்கும்), மெட்டீரியலை ரெண்டுக்கு இறக்குங்க, டெக்ஸ்சர் 2048க்கு மேல வேண்டாம். ரெண்டு ஜிபி கிராஃபிக்ஸ் கார்டுல எட்டு விஆர்எம் ஆளுங்க ஒரே வீட்டுல நின்னா திக்கும். கால் தரையில புதைஞ்சா செட்டிங்ஸ் ஃபைல்ல மாடல் ஆஃப்செட் ஒய் மாத்துங்க, ராத்திரியில முகம் மட்டும் விளக்கா எரிஞ்சா மாடல் ப்ரைட்னஸ் குறைங்க. அடுத்தவர் செஞ்ச மாடல்னா உள்ளேயே உரிம விவரம் எழுதியிருக்கும், படிச்சுட்டு எடுங்க.

#20 வியாசை விங்கர்

எல்லாம் ஓடுது. இப்ப மாட் உள்ள ஆறு பேருக்கும் இதை எப்படிக் குடுக்கிறது? கேம் அப்டேட் வந்தா என்ன ஆகும்?

#21 கொடுங்கையூர் கோடர்

ஆர்2மாட்மேன்ல ப்ரொஃபைலைக் கோடா ஏற்றுமதி பண்ணினா தண்டர்ஸ்டோர்ங்கிற மாட் தளத்துல இருக்கிற மாட் பட்டியலும் கான்ஃபிக்கும்தான் போகும். உங்க சொந்த ப்ளகின், பண்டில், ஜெர்சி பிஎன்ஜி போகாது. அதைத் தனி ஜிப்பா குடுத்து இம்போர்ட் லோக்கல் மாட்ல ஏத்தச் சொல்லுங்க. ஆறு பேர்ல ஒருத்தர் பழைய ஜிப் வச்சிருந்தா அவர் திரையில மட்டும் பழைய லுங்கி தெரியும், வேற பாதிப்பு இல்ல. அந்த பேண்ட்டை யார் போட்டாலும் ஆறு பேர் திரையிலயும் லுங்கிதான், அதுக்கும் தயாரா இருங்க.

அப்டேட்: சின்ன பேட்ச்ல பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. யூனிட்டி பதிப்பே மாறினா பண்டிலைப் புதுசுல கட்டணும், யூனிட்டிப்ளேயர் டிஎல்எல் எண்ணை மறுபடி பாருங்க. எலும்பு வரிசையையும் ஒரு தடவை சரிபார்க்கணும். பெப்இன்எக்ஸ் ஃபோல்டர்ல லாக்அவுட்புட் ஃபைலைத் திறந்து முதல் சிவப்பு எரரை மட்டும் படிங்க, அதுக்குக் கீழ இருக்கிறது பெரும்பாலும் அதோட வாலாத்தான் இருக்கும். பப்ளிக் டெஸ்ட் கிளையில (அப்டேட்டைச் சோதனைக்கு முன்கூட்டியே தர்ற பதிப்பு) முன்னாடியே சோதிக்கலாம். அதுக்கு ஸ்டீம்ல போட வேண்டிய பாஸ்வேர்டே "ஆமாம், பேக்கப் எடுத்துட்டேன்"னு இங்கிலீஷ்ல சேர்த்து எழுதினதுதான். எடுக்காம அதை அடிக்காதீங்க.

#22 காசிமேடு கட்டுமரம்

எக்ஸ்பாக்ஸ் பையன் கண்ணுக்கு லுங்கி எப்டி தெரியும்?

#23 பெரம்பூர் பாலிகன்

ட்ரோல் லெதர் பேண்ட். மீசைக்குப் பதிலா தாடி. அதனாலதான் மீசைக்குப் பொருந்துற மாதிரி சின்ன தாடியா பார்த்து எடுக்கச் சொல்றது, மார்பு வரைக்கும் தொங்குறதை எடுத்தா அந்தப் பக்கம் வேற ஆளாயிடுவீங்க. நிறம் மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு.